குளூட்டன் சோதனை சாப்பிடுகிறவர் வேலையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தட்டில் வைத்த உணவில் குளூட்டன் இருக்கிறதா என்று உட்கார்ந்த இடத்திலேயே சோதித்துச் சொல்லும் பட்டைகளையும் கையடக்கக் கருவிகளையும் பற்றிய செய்திகள் இப்போது தமிழிலும் வரத் தொடங்கியிருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை இதை ஓர் அறிவியல் புதுமையாக மட்டுமே விவரித்துவிட்டு நின்றுவிடுகின்றன. அந்தக் கருவி யார் கையில் இருக்கிறது, அதற்கான செலவையும் சங்கடத்தையும் யார் சுமக்கிறார்கள் என்ற கேள்வியை எவரும் எழுப்பியதாகத் தெரியவில்லை. பரோட்டாவுக்குப் பேர்போன மதுரையில் கோதுமையைத் தொடவே கூடாத ஒரு குழந்தை வளரும் வீட்டைச் சேர்ந்தவள் என்ற முறையிலும், அரசுப் பள்ளியில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்றவள் என்ற முறையிலும் அந்தக் கேள்வியைத் தங்கள் நாளிதழின் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன். இந்தச் சோதனை நோயாளியின் கைப்பையிலிருந்து வெளியேறி, மாவு மில்லுக்கும் உணவகச் சமையலறைக்கும் பள்ளிச் சமையற்கூடத்திற்கும் அரசு ஆய்வகத்திற்கும் போய்ச் சேர வேண்டும் என்பதே என் கோரிக்கை.

குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதம். பிசைந்த மைதாவைப் பரோட்டா மாஸ்டர் வீசி விசிறும்போது அது கிழியாமல் துணிபோல் விரிவதற்கு அந்தப் புரதமே காரணம். பெரும்பாலோருக்கு அதனால் ஒரு தீங்கும் இல்லை. சீலியாக் என்னும் நோய் உள்ளவர்களுக்கு மட்டும் அது உள்ளே போனால், உடலின் எதிர்ப்பாற்றல் தன் சொந்தச் சிறுகுடலையே தாக்கத் தொடங்குகிறது; உணவின் சத்தை உறிஞ்ச வேண்டிய குடலுறிஞ்சிகள் தட்டையாகிப் போகின்றன; எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாமல் வயிற்றுப்போக்கு, வயிற்று உப்புசம், இரத்தசோகை, வளர்ச்சிக் குறைவு, எலும்புத் தேய்மானம் என்று ஒவ்வொன்றாக வருகின்றன. கோதுமைக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை நிலைநாட்டியவர் நெதர்லாந்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காமல் போனபோது இந்தக் குழந்தைகள் தேறியதையும், ரொட்டி திரும்ப வந்தவுடன் மறுபடி படுத்துக்கொண்டதையும் அவர் கவனித்தார். அன்று முதல் இன்று வரை இதற்கு மருந்து கிடையாது. வாழ்நாள் முழுவதும் குளூட்டனைத் தவிர்ப்பது ஒன்றே சிகிச்சை.

எங்கள் வீட்டில் என் பேத்தி வகுப்பிலேயே குட்டையான பிள்ளையாக இருந்தாள். பூச்சி மருந்து கொடுத்தார்கள். இரும்புச்சத்து டானிக் மாறி மாறிக் கொடுத்தார்கள். கண் பட்டுவிட்டது என்று சுற்றிப் போட்டவர்களும் உண்டு. நோய் இன்னதென்று இரத்தப் பரிசோதனையிலும், அதன்பின் எண்டோஸ்கோப்பி வழியாகக் குடலிலிருந்து எடுத்த சிறு திசுவின் ஆய்விலும் உறுதியாவதற்குள் சில ஆண்டுகள் ஓடிவிட்டன. யார் மீதும் குற்றம் சொல்ல நான் இதை எழுதவில்லை. அரிசிச் சோறு தின்னும் ஊரில் கோதுமை நோயை யாரும் முதலில் நினைப்பதில்லை.

அப்படி நினைக்காமல் இருப்பதற்குப் புள்ளிவிவரமும் ஒரு காரணம். 2016-ல் வெளிவந்த பெரிய இந்திய ஆய்வு ஒன்று, நாட்டின் மூன்று பகுதிகளில் 23,331 பேரைப் பரிசோதித்தது. வடக்கில் 1.23 சதவீதம் பேருக்கும், வடகிழக்கில் 0.87 சதவீதம் பேருக்கும், தெற்கில் 0.10 சதவீதம் பேருக்கும் சீலியாக்கைச் சுட்டும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருப்பதாக அது சொன்னது. தெற்கில் ஆயிரத்தில் ஒருவர்தானே என்று கடந்துபோகத் தோன்றும். ஆனால் அதே ஆய்வின் மறுபாதியையும் படிக்க வேண்டும். இந்த நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு வகை வடக்கில் 38.1 சதவீதம் பேரிடமும், தெற்கில் 36.4 சதவீதம் பேரிடமும் இருந்தது, ஏறத்தாழ சமம். வேறுபட்டது கோதுமையின் அளவுதான். வடக்கில் ஒருவர் நாளொன்றுக்கு 455 கிராம் உண்ண, தெற்கில் 25 கிராம் மட்டுமே உண்டார்கள். இன்று நம் வீடுகளில் இரவுச் சாப்பாடு சப்பாத்தியாகிவிட்டது. சர்க்கரை நோய் என்றால் கோதுமை ரவை. பிள்ளைகளுக்கு நூடுல்ஸ், பிரெட், பிஸ்கட். வெளியே போனால் பரோட்டா. நம் உடம்பில் வாய்ப்பு ஏற்கெனவே இருக்கிறது, தட்டில் கோதுமை கூடிக்கொண்டே வருகிறது. 2011 கணக்கெடுப்பின்படி மதுரை மாவட்டத்தின் மக்கள்தொகை 30 லட்சத்துக்கும் மேல். ஆயிரத்தில் ஒருவர் என்ற பழைய விகிதத்தையே பொருத்திப் பார்த்தாலும் அந்த எதிர்ப்பொருள் உள்ளவர்கள் மூவாயிரம் பேருக்குக் குறையமாட்டார்கள். அவர்களுள் நோய் வந்தவர்களுக்கும் அது என்ன நோய் என்பதே தெரியாமல் இருக்கக்கூடும்.

இனி அளவைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் சோதனைக் கருவியின் தேவையே அளவில்தான் அடங்கியிருக்கிறது. நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டனை மூன்று மாதம் தொடர்ந்து உட்கொண்டாலே குடலுறிஞ்சிகள் பாதிக்கப்படக்கூடும் என்று 2007-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மைதாவில் தோராயமாகப் பத்தில் ஒரு பங்கு குளூட்டன் என்று கொண்டால், அது அரை கிராம் மைதா. இரண்டு விரலால் அள்ளும் ஒரு சிட்டிகை. கோடெக்ஸ் என்னும் சர்வதேச உணவுத் தரமும், இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையத்தின் விதியும், ‘குளூட்டன் இல்லாதது’ என்று அச்சிட வேண்டுமானால் ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது என்கின்றன. ஒரு கிலோ அரிசி மாவில் கால் கிராம் மைதா கலந்தாலே அந்த வரம்பு தாண்டிவிடும். இதைக் கண்ணால் பார்த்தோ நாக்கால் ருசித்தோ கண்டுபிடிக்க எந்தச் சமையற்காரராலும் முடியாது.

சோதனைப் பட்டை வேலை செய்யும் முறை எளிமையானது. பட்டாணி அளவு உணவை நசுக்கி, சாராயம் கலந்த ஒரு கரைசலில் போட்டுக் குலுக்குகிறோம். குளூட்டனின் முக்கியமான ஒரு பகுதி தண்ணீரில் கரையாது, சாராயம் கலந்த நீரில் கரையும். பிறகு பட்டையை அதில் தோய்த்து, கர்ப்பப் பரிசோதனைப் பட்டையைப் பார்ப்பதுபோலச் சில நிமிடம் காத்திருக்கிறோம். ஒரு கோடு என்றால் இல்லை, இரண்டு கோடு என்றால் இருக்கிறது. பட்டைக்குள் பூசப்பட்டிருப்பது குளூட்டனின் குறிப்பிட்ட துண்டுகளை மட்டும் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருள். ஆய்வகங்களில் எலைசா என்ற முறையில் இதே தத்துவத்தைக் கொண்டு எவ்வளவு மில்லிகிராம் என்பதையும் அளந்து சொல்கிறார்கள். ஸ்பெயினில் உருவான ஆர்5 என்னும் எதிர்ப்பொருளைக் கொண்டு செய்யும் எலைசாவைத்தான் கோடெக்ஸ் தரம் பரிந்துரைக்கிறது.

வெளியூரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் இப்படிச் சில பட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். என் நாத்தனார் வீட்டுக்கு நாங்கள் போயிருந்தபோது, குழந்தைக்கென்றே தனியாக மாவரைத்து இட்லி அவித்து, தன் கையால் திரித்த மிளகாய்ப் பொடியையும் நல்லெண்ணெயையும் அவர் எடுத்து வைத்தார். உளுந்து, கடலைப்பருப்பு, மிளகாய், எள், உப்பு, பெருங்காயம். இதில் கோதுமைக்கு எங்கே இடம்? என் மருமகள் தயங்கித் தயங்கித்தான் அந்தப் பொடியைச் சோதித்தார். இரண்டு கோடு வந்தது. மில்லில் கலந்திருக்கும் என்றார் ஒருவர், எள்ளில் இருக்கும் என்றார் இன்னொருவர். கடைசியில் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்த்தபோது, பொடி எழுத்தில் சேர்மானப் பட்டியலில் கோதுமை மாவு இருந்தது. பெருங்காயப் பிசின் அப்படியே பயன்படுத்த முடியாத அளவு காரமானது; எனவே அதனுடன் மைதாவோ அரிசி மாவோ வேலம்பிசினோ கலந்துதான் கட்டியாகவும் தூளாகவும் விற்பனைக்கு வருகிறது. எந்த மாவு என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். அண்டா நிறைய ரசத்தில் ஒரு சிட்டிகை விழும்போது அது நீர்த்துப் போகலாம். பொடியிலும் ஊறுகாயிலும் அப்படியில்லை.

அன்று நாத்தனாரின் முகம் மாறியதை நான் பார்த்தேன். “என் கைச்சாப்பாட்டையே சோதிச்சுப் பாக்குற அளவுக்கு வந்திருச்சா, மதினி?” என்று என்னிடம் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. உபசரித்தவரின் கண் முன்னாலேயே உபசரிப்பைச் சோதித்துப் பார்ப்பது நம் பழக்கத்தில் இல்லாதது. வேண்டாம் என்று சொல்வதே மரியாதைக் குறைவு என்றால், குப்பியை எடுத்து அவர்கள் சாதத்தைக் குலுக்குவது அதைவிடப் பெரிய அவமதிப்பாகத்தான் படும். அதே நாத்தனார் அடுத்த வாரமே கடைக்குப் போய் அரிசி மாவு சேர்த்த பெருங்காயத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார் என்பதையும் சொல்ல வேண்டும். தன் உறவுகளிடம் அவர் அதை எடுத்துச் சொன்ன அளவுக்கு எந்த மருத்துவரும் சொல்லியிருக்க மாட்டார். ஒரு பட்டை ஒரு வீட்டின் மனத்தைப் புண்படுத்தவும் செய்தது, அந்த வீட்டுக்கு ஒன்றைக் கற்பிக்கவும் செய்தது. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் அதன் சமூக விளைவை எடைபோட வேண்டும்.

சோதனை என்றாலே தடை போடுவது என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் அனுபவம் வேறு. நோய் தெரிந்த புதிதில் அச்சத்தினால் நாங்கள் நிறுத்திவிட்ட பல பண்டங்கள், சோதித்துப் பார்த்த பிறகே குழந்தையின் தட்டுக்குத் திரும்பின. வீட்டில் இடித்த மாவில் செய்த முறுக்கு, குழிப்பணியாரம், உளுந்தங்களி, சீரகம் மிளகு தட்டிப் போட்ட ரசம் எல்லாவற்றையும் இப்போது அவள் பயமில்லாமல் சாப்பிடுகிறாள். “அப்பத்தா, இது ஒத்தக்கோடா?” என்று கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டுகிறாள். பத்து வயதைத் தாண்டாத குழந்தைக்கு அந்தக் கேள்வி பழகிப்போய்விட்டது என்பது எனக்குப் பெரும் வேதனை.

மாவு மில்லைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனெனில் நம் ஊரில் கலப்பு நேரும் முதன்மையான இடம் அதுவே. வரிசையில் நமக்கு முன்னால் நிற்பவர் கோதுமை கொண்டுவந்திருப்பார். அவருடையது முடிந்ததும் மில்காரர் இயந்திரத்தின் மேல்தட்டில் நம் அரிசியைக் கொட்டுவார். மாவு இறங்கும் வாயில் கட்டியிருக்கும் துணிக்குழாயை இரண்டு தட்டு தட்டிவிட்டு நம் தூக்கை அதன் கீழே வைப்பார். தட்டியபோது விழுந்தது போக, அந்தத் துணியின் மடிப்பிலும் அரைக்கும் கல்லின் இடுக்கிலும் ஒட்டியிருக்கும் கோதுமை மாவு முழுவதும் நம் அரிசி மாவின் முதல் ஈட்டோடு சேர்ந்துதான் இறங்கும். கால் கிராம் என்ன, கைப்பிடியளவே கலந்துவிடும். கேழ்வரகு, கம்பு, சத்துமாவு எதை அரைத்தாலும் இதே கதிதான். எங்கள் பகுதி மில்காரர் நல்லவர். காலையில் முதல் ஈடாக உங்களுடையதை அரைத்துத் தருகிறேன் என்றார். அப்படியும் பட்டையில் இரண்டாவது கோடு வந்தது. முந்தைய நாள் மாலை அரைத்த கோதுமை எங்கே போய்விடும்? இறுதியில் வீட்டிலேயே அரைத்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு வந்தோம். அது எங்களால் முடிந்தது. நூறு நாள் வேலைக்குப் போகும் ஒரு தாயால் முடியுமா?

உணவகங்களின் நிலை இதைவிடச் சிக்கலானது. தோசை அரிசியும் உளுந்தும்தானே என்று நம்பி உட்காருகிறோம். அதே கல்லில் சற்றுமுன் சப்பாத்தி புரண்டிருக்கும், பரோட்டாவுக்கு எண்ணெய் விட்டிருப்பார்கள். அதே துடைப்பத்தால் கல்லைத் துடைத்துவிட்டு அடுத்த தோசையை ஊற்றுவார்கள். ரவா தோசையில் ரவையும் மைதாவும் சேரும். உளுந்த வடை பொரியும் எண்ணெயில் மைதா போண்டாவும் பொரியும். தள்ளுவண்டி ஃபாஸ்ட் ஃபுட் கடையில் ஃப்ரைட் ரைஸ் அரிசிதான். ஆனால் ஊற்றும் சோயா சாஸ் பெரும்பாலும் கோதுமை சேர்த்துப் புளிக்க வைத்தது, வாணலியோ நூடுல்ஸ் புரட்டிய வாணலி. இங்கே கருவியின் குறைபாடு ஒன்றையும் சொல்ல வேண்டும். புளித்தலில் குளூட்டன் சிறு துண்டுகளாக உடைந்துவிடுவதால், சோயா சாஸ் போன்றவற்றில் சாதாரணப் பட்டை அதைத் தவறவிட வாய்ப்புண்டு. பட்டாணி அளவு மாதிரியில் இல்லாதது தட்டின் மறுஓரத்தில் இருக்கலாம். ஒற்றைக் கோட்டைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுகிறவர் ஏமாறவும் கூடும்.

அமெரிக்காவில் நீமா என்ற பெயரில் ஒரு கையடக்கக் கருவி சில ஆண்டுகளுக்கு முன் விற்பனைக்கு வந்தது. ஒருமுறை மட்டுமே பயன்படும் காப்ஸ்யூலுக்குள் உணவைப் போட்டு மூடினால், சில நிமிடங்களில் திரையில் விடை வரும். அதைப் பயன்படுத்தியவர்கள் பதிவேற்றிய 5,624 சோதனைகளை ஆராய்ந்து 2019-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ‘குளூட்டன் இல்லாதது’ என்று சொல்லி உணவகங்கள் பரிமாறிய உணவில் 32 சதவீதத்தில் குளூட்டன் தென்பட்டது; பீட்சாவிலும் பாஸ்தாவிலும் பாதிக்கு மேல். சந்தேகம் வந்த உணவையே மக்கள் அதிகம் சோதித்திருப்பார்கள் என்பதால் இந்த எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் விதிகளும் கண்காணிப்பும் நம்மைவிட இறுக்கமான ஒரு நாட்டிலேயே இந்த நிலை என்பது கவனிக்கத்தக்கது. அந்தக் கருவியின் ஒரு காப்ஸ்யூல் விலை நம் ஊர் மெஸ்ஸில் ஒரு சாப்பாட்டின் விலையைவிட அதிகமாக இருந்தது. சாப்பாட்டுக்கு ஒரு பங்கு, அதை நம்புவதற்கு அதற்கு மேல் ஒரு பங்கு என்று ஒவ்வொரு வேளையும் செலவழிக்க இங்கே எத்தனை குடும்பங்களால் முடியும்? வசதியுள்ளவர் சோதித்துச் சாப்பிடுவார், வசதியில்லாதவர் நம்பிச் சாப்பிட்டு நோயில் விழுவார் என்றால், இந்தத் தொழில்நுட்பம் புதியதொரு ஏற்றத்தாழ்வைத்தான் கொண்டுவருகிறது.

பணத்தைவிடக் கனமான ஒன்று உண்டு. கல்யாணப் பந்தியில் எல்லாக் குழந்தைகளும் இலைக்கு முன் உட்கார்ந்திருக்க, ஒரு குழந்தை மட்டும் வீட்டிலிருந்து கொண்டுவந்த டப்பாவைத் திறக்கிறது. தவசுப்பிள்ளையிடம் போய் எதில் என்ன போட்டீர்கள் என்று விசாரிக்கும் தாயைச் சுற்றியிருப்பவர்கள் ஒருமாதிரி பார்க்கிறார்கள். ஒரு வாய் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது என்று அன்போடு ஊட்ட வருகிறார் ஒரு பெரியம்மா. பெண் பிள்ளையாயிற்றே, வெளியில் சொல்லாதீர்கள், நாளை வரன் அமைய வேண்டாமா என்று காதில் சொல்கிறார் இன்னொருவர். தொற்றாத, உணவால் பெரும்பாலும் கட்டுப்படுத்தக்கூடிய ஒரு நோயை மறைத்து வாழும்படி ஒரு குழந்தைக்குக் கற்றுக்கொடுக்கிறோம். மறைத்து வாழ்கிறவர் சபையில் சோதனைப் பட்டையை எடுக்க மாட்டார். கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து அவதிப்படுவார். ஆகவே கருவியைக் கடையில் கிடைக்கச் செய்வதால் மட்டும் பயன் விளையாது.

பள்ளியைப் பற்றி எழுதும்போது எனக்குக் கூடுதல் உரிமை இருப்பதாக எண்ணுகிறேன். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. பசியோடு வரும் குழந்தை எழுத்தைக் கவனிக்காது என்பதை வகுப்பறையில் கண்ட எவரும் அந்தத் திட்டத்தை வாழ்த்தாமல் இருக்க முடியாது, நானும் வாழ்த்துகிறேன். அதன் உணவுப் பட்டியலில் ரவை உப்புமா, சேமியா உப்புமா, கோதுமை ரவைக் கிச்சடி என்று கோதுமை சார்ந்தவை மிகுதி. அங்கன்வாடியில் தரும் சத்துமாவிலும் கோதுமை மாவு சேர்கிறது. ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளுக்கும் அது நல்ல உணவு. அரிதாக எஞ்சும் ஒரு குழந்தைக்கு, அரசு அன்போடு தரும் அந்தத் தட்டே நோயாக மாறுகிறது. மருத்துவச் சான்று உள்ள குழந்தைக்குப் பட்டியலிலேயே இருக்கும் அரிசி உப்புமாவையோ வெண்பொங்கலையோ தனிப் பாத்திரத்தில், தனிக் கரண்டியில், கோதுமை சேராத பெருங்காயத்தோடு தருவதற்குப் புதுத் திட்டம் எதுவும் தேவையில்லை. ஓர் ஆணை போதும். சமையற்கூடத்தில் மாதம் ஒரு முறை ஒரு பட்டையால் சோதித்துப் பதிவேட்டில் எழுதிவைத்தால் தாய்க்கு நிம்மதி, சமையலருக்கும் பாதுகாப்பு. இத்தாலியில் 2005-ஆம் ஆண்டுச் சட்டமே பள்ளி உணவகங்களில் கேட்பவர்களுக்குக் குளூட்டன் இல்லாத உணவு தரவேண்டும் என்கிறது. பாஸ்தாவையும் பீட்சாவையும் அன்றாடம் உண்ணும் நாட்டில் முடிந்தது, அரிசி உண்ணும் நாட்டில் இன்னும் எளிதாகவே முடிய வேண்டும்.

சட்டம் நம்மிடமும் இல்லாமல் இல்லை. பொட்டலத்தில் அடைத்து விற்கும் உணவில் குளூட்டன் உள்ள தானியம் இருந்தால் அதை அறிவிக்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டு லேபிள் விதிகள் சொல்கின்றன. மத்திய உரிமம் பெற்ற உணவகங்களும் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளைகள் உள்ள உணவகங்களும் ஒவ்வாமை தரும் பொருள்கள் பற்றிய தகவலைத் தர வேண்டும் என்பதும் விதியே. நம் ஊரின் பெரும்பாலான மெஸ்களும் டிபன் கடைகளும் அந்த வரையறைக்குள் வருவதில்லை. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆவது பிரிவு, கட்டணம் செலுத்தித் தான் வாங்கிய உணவை உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்துப் பரிசோதிக்கும் உரிமையைச் சாதாரண நுகர்வோருக்கே தந்திருக்கிறது. குறை உறுதியானால் கட்டணத்தைத் திரும்பப் பெறவும் வழியிருக்கிறது. தமிழக அரசின் உணவுப் பகுப்பாய்வு ஆய்வகங்களுள் ஒன்று மதுரையிலேயே இருக்கிறது. அங்கே குளூட்டன் சோதனையை எளிய கட்டணத்தில் பொதுமக்களுக்குச் செய்து தரும் ஏற்பாட்டையும், அப்படி ஒரு வசதி உண்டு என்று ஊருக்குத் தெரியும்படி விளம்பரப்படுத்துவதையும் மாவட்ட நிர்வாகம் மேற்கொள்ள வேண்டும். சீலியாக் உள்ள குடும்பங்களுக்கு அந்தச் சோதனையை இலவசமாகவே தரலாம். எண்ணிக்கை சிறியது, செலவும் சிறியது.

இதே ஏற்பாட்டில் நம் விவசாயிகளுக்கும் ஒரு வாசல் திறக்கும். திருமங்கலம், தே.கல்லுப்பட்டி, பேரையூர் வட்டாரத்து மானாவாரிக் காடுகளில் விளையும் குதிரைவாலியும் சோளமும் இயல்பிலேயே குளூட்டன் இல்லாத தானியங்கள். 2023-ஐச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தபோது அவற்றின் பெருமையை நிறையப் பேசினோம். ஆனால் அந்தக் குதிரைவாலி, கோதுமை அரைத்த மில்லில் மாவாகி வெளிவந்தால் அதை நோயாளிக்குக் கொடுக்க முடியாது. மகளிர் சுயஉதவிக் குழு ஒன்று குதிரைவாலி முறுக்கு செய்து ‘குளூட்டன் இல்லாதது’ என்று ஒட்டி விற்க வேண்டுமானால், மில் தனியாக வேண்டும், ஆய்வகச் சான்றும் வேண்டும். தனியார் ஆய்வகத்தின் கட்டணத்தைப் பெரிய நிறுவனம் எளிதாகக் கட்டிவிடும், குழுவால் முடியாது. அதனால் நம் காட்டில் விளைந்த தானியத்துக்கு நகரத்து நிறுவனம் பெயரும் விலையும் வைக்கும் நிலைதான் தொடரும். மதுரையில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சமுதாய அறிவியல் கல்லூரி (முன்பு மனையியல் கல்லூரி) இருக்கிறது. அங்கே சிறு உற்பத்தியாளர்களுக்கான சோதனை வசதியும், வட்டாரத்துக்கு ஒன்றாகக் கோதுமை நுழையாத சிறுதானிய மில்லும் அமைந்தால், நோயாளிக்கும் உழவருக்கும் ஒருசேர நன்மை.

ஒரு எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்கிறேன். குளூட்டன் எல்லோருக்கும் நஞ்சு என்று சிலர் பரப்பிவருகிறார்கள். உடல் இளைக்க வேண்டும் என்பதற்காகப் பரிசோதனை இல்லாமல் கோதுமையை நிறுத்துவது தவறு; கோதுமையை நிறுத்திவிட்டால் இரத்தப் பரிசோதனையிலும் குடல் ஆய்விலும் நோய் தெரியாமல் போய்விடும் என்பதால், உண்மையிலேயே நோய் உள்ளவரும் கண்டுபிடிக்கப்படாமல் போவார். அறிகுறி உள்ளவர்கள் முதலில் மருத்துவரிடம் போக வேண்டும். நீண்ட நாள் இரத்தசோகையோடும் வளர்ச்சிக் குறைவோடும் வரும் குழந்தைகளுக்கு அந்த இரத்தப் பரிசோதனையை அரசு மருத்துவமனைகளில் வழக்கமான ஒன்றாக்க வேண்டும். இயல்பாகவே குளூட்டன் இல்லாத அரிசியின் மேல் அந்தச் சொல்லை அச்சிட்டுக் கூடுதல் விலைக்கு விற்பதையும் நிர்வாகம் கவனிக்க வேண்டும். அந்த விலையைக் கொடுப்பவர்களில் பலருக்கு அது தேவையே இல்லை. தேவைப்படுகிறவர்களுக்கு அது கட்டுப்படியாகாது.

சிறு உணவக உரிமையாளர்களை நான் குறைகூறவில்லை. ஆட்கள் கிடைக்காமல், வாடகை கட்ட முடியாமல் திணறுகிறவர்கள் அவர்கள். அவர்களிடம் நான் கேட்பது ஒரு தனித் தோசைக்கல், ஒரு தனிக் கரண்டி, கோதுமை சேராத பெருங்காயம், கேட்டால் மறைக்காமல் சொல்லும் ஒரு பரிமாறுபவர். உணவுப் பாதுகாப்புத் துறை அலுவலர்கள் பாலையும் எண்ணெயையும் சோதிக்க வரும்போது கையில் சில குளூட்டன் பட்டைகளையும் கொண்டுவந்து, விருப்பமுள்ள கடைக்காரர்களுக்குச் செய்து காட்டலாம். தண்டனைக்காக வேண்டாம், பழக்குவதற்காகச் செய்யட்டும். ஒரு கடை வாசலில் ‘கோதுமை சேராத தோசை தனிக்கல்லில் கிடைக்கும்’ என்று ஒரு பலகை தொங்கினால், மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் வந்து இறங்கும் வெளியூர் நோயாளியும் அங்கே வந்து உட்காருவார்.

இந்தக் கோரிக்கைகளை எழுதி, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனுவாக அளிக்க இருக்கிறோம். ஒரு குடும்பத்தின் மனுவாக அது போவதைவிடப் பல குடும்பங்களின் மனுவாகப் போனால் மதிப்புண்டு. மதுரை, தேனி, திண்டுக்கல், விருதுநகர், சிவகங்கை மாவட்டங்களில் சீலியாக் உள்ள குழந்தைகளின் பெற்றோர் தங்கள் பகுதிப் பள்ளியிலும் மில்லிலும் உணவகத்திலும் காணும் நிலைமையைத் தங்கள் நாளிதழுக்கு எழுதினால், அவற்றையும் தாங்கள் வெளியிட்டு உதவ வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.